சந்தனமாரியை ஆட்டோவிலிருந்து இறக்கிய கதை

தும்பைவிளைக்காரர்கள் முட்டாள்கள் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எல்லையில் வையுங்கள் என்று அவர்களிடம் ஒரு பெயர்ப்பலகையைக் கொடுத்தார்கள். எல்லையில் வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று, அதை ஊர் நடுவில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இது எந்த ஊர் என்று தெரியாமல் வருகிறவர், அந்த வீட்டை விசாரித்து, சாவி வாங்கி, கதவைத் திறந்து, படித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படிப் படித்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. சாவி வாங்கின இடத்திலேயே ஊர்ப் பெயரைக் கேட்கலாமே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே வெளியூர்க்காரர்களையும் ரொம்ப நம்பாதீர்கள்.

அந்த ஊரில் சுடலைமணி என்று ஒருத்தன். கிணற்று மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. எரிந்துபோன மோட்டாரை உயிரோடு எழுப்பிவிடுவான். மற்ற விஷயங்களில் அவனும் தும்பைவிளைதான்.

அவன் பெண்டாட்டி சந்தனமாரி பக்கத்து ஊர்க்காரி. புத்திசாலி. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, பொங்கல் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் சின்னதுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, "சர்க்கரை எல்லையில நிக்குதும்மா, இனிமே இனிப்பு, எண்ணெய் எல்லாம் பார்த்துச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் முகம் வாடிப்போனது. அவளைத் தேற்ற வேண்டுமே என்று சுடலைமணி ஓடிப்போய் ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கி வந்தான். அவள் தொடவில்லை. வீணாகப் போகக்கூடாது என்று அவனே பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீர் விட்டுக்கொண்டே, கடைசி ஜாங்கிரி வரை தின்று முடித்தான்.

மறுநாள் அவள் இல்லை.

பிப்ரவரி பிறந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது.

"பதினாலாம் தேதி காதலர் தினமாம். ஊர்ல எல்லாரும் கொண்டாடுதாவ. நானும் சொரிமுத்து ஆட்டோல காலைல அங்க வாரேன். கடையில வாங்கின எதையும் என் கண்ணுல காட்டாதீங்க. உங்க கையால, உடம்புக்கு ஒத்துக்கிற மாதிரி, ஒரு காலைச் சாப்பாடும் ஒரு இனிப்பும் செஞ்சு வச்சிருக்கணும். செஞ்சிருந்தா இறங்குவேன். இல்லன்னா அதே ஆட்டோல திரும்பிருவேன். பொறவு என்னைத் தேடி வராதீங்க."

சொரிமுத்து அவள் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன்.

சுடலைமணிக்குக் கை கால் ஓடவில்லை. அவனுக்குச் சந்தனமாரி என்றால் உயிர். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாது. ஜாங்கிரி வாங்கித்தான் தெரியும். அந்த வழியும் இப்போது அடைத்துப்போயிற்று.

இந்த மாதிரி நேரத்தில் புத்தி சொல்ல அவனுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தன் சித்தப்பா மகன் பெத்துராஜ். நல்ல தொந்தி. சந்தனமாரியை மயினி என்று கூப்பிடுவான். இன்னொருத்தன் கூட்டாளி கோயில்பிள்ளை. எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டான். யோசித்துச் சொன்னதுதான் எப்போதும் வில்லங்கமாக முடியும்.

மூன்று பேரும் அங்கன்வாடிக்குப் போனார்கள். சத்தான சாப்பாட்டைப் பற்றி அந்த வட்டாரத்தில் தெரிந்தவர் ஞானபுஷ்பம் டீச்சர் ஒருத்தர்தான். டீச்சர் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களையும் வரிசையில் உட்காரவைத்துச் சொன்னார்.

"சுடல, நல்லாக் கேட்டுக்கோ. மொதல்ல வீட்டுல இருக்க சீனி, மைதா பிஸ்கட்டு, மிக்சரு எல்லாத்தையும் காலி பண்ணு. அது இருந்தாக் கை அங்கதான் போகும். பாசிப்பயற ஊறவச்சு, ஈரத்துணியில கட்டி, வெதுவெதுன்னு ஒரு இடத்துல வை. காலைல முளை விட்டிருக்கும். கேப்பை மாவுல தோசை ஊத்து. எண்ணெய் விடாதே. பேரீச்சம்பழத்துல கொட்டைய எடுத்துட்டு, எள்ளும் கருப்பட்டியும் கொஞ்சமாச் சேத்து உருண்டை பிடி. காதலர் தினம்ங்கதால தோசைய இதயம் மாதிரி ஊத்திக் குடு. பிள்ளை மனசு இளகிரும்."

சுடலைமணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கோயில்பிள்ளையும் ஆட்டினான். பெத்துராஜ் கொண்டைக்கடலை இன்னொரு கை கேட்டான்.

பதிமூன்றாம் தேதி காலையில் வேலை ஆரம்பித்தது. முதல் வேலை காலி பண்ணுவது.

அலமாரியில் இரண்டு கிலோ சீனி, நாலு பொட்டலம் பிஸ்கட், ஒரு தகரம் நிறைய மிக்சர், பொங்கலுக்கு வாங்கின அச்சுவெல்லத்தில் பாதி. சுடலைமணி எல்லாவற்றையும் தெருவில் கொட்டப் போனான்.

"ஏலே நில்லு," என்றான் கோயில்பிள்ளை. "தெருவுல கொட்டினா ஆடு தின்னும். ஆட்டுக்குச் சர்க்கரை வியாதி வந்துட்டா? அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவமா?"

"கெட்டதுன்னு தெரிஞ்சே இன்னொருத்தனுக்குக் குடுக்கதா? நீ மனுசன்தானா?"

"பொறவு எப்படில காலி பண்ண?"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பெத்துராஜ் மெதுவாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அண்ணே, மயினி உடம்புக்காக எந்தத் தியாகமும் செய்யலாம். எடு அந்தத் தகரத்த."

மத்தியானத்துக்குள் வீட்டில் ஒரு துளி சீனி இல்லை. பிஸ்கட் இல்லை. மிக்சரில் கடைசியாக ஒரு கறிவேப்பிலை மிஞ்சியிருந்தது, அது உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டார்கள். பெரும்பங்கைப் பெத்துராஜ்தான் பார்த்துக்கொண்டான். சாயந்தரம் அவன் பாயில் உருண்டான். வயிறு கல் மாதிரி. உடம்பு கொதித்தது.

சுடலைமணி பதறிப்போனான். மாத்திரை எடுக்க ஓடினான். கோயில்பிள்ளை அவன் கையைப் பிடித்தான்.

"மக்கா, பயறு எங்க வைக்கணும்னு டீச்சர் சொன்னா?"

"வெதுவெதுன்னு ஒரு இடத்துல."

"இங்கன எது வெதுவெதுன்னு இருக்கு?"

காலையிலிருந்து பயற்றுக்கு இடம் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுப்பு சுட்டது. தொட்டி குளிர்ந்தது. டிவிப் பெட்டியின் முதுகு கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது, கரண்ட் போனதும் அதுவும் போயிற்று. சுடலைமணி பெத்துராஜின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். நல்ல பதமான சூடு. இடமும் தாராளம்.

ஈரத்துணியில் கட்டின பயற்றைப் பெத்துராஜின் தொப்புளுக்கு மேல் வைத்து, ஒரு வேட்டியால் இறுக்கிக் கட்டினார்கள்.

"அண்ணே, எனக்கு மாத்திரை?" என்றான் பெத்துராஜ் தீனமாக.

"மாத்திரை போட்டா சூடு இறங்கிருமே தம்பி."

"காலைல வரைக்கும் பொறுத்துக்கோல," என்றான் கோயில்பிள்ளை. "மயினி வாழ்க்கை உன் வயித்துலதான் இருக்கு."

பெத்துராஜ் நல்லவன். பொறுத்துக்கொண்டான். புரண்டு படுத்தால் பயறு நசுங்கும் என்று மல்லாந்தே கிடந்தான்.

அடுத்தது இதயம். எப்படி இருக்கும் இதயம்? சுடலைமணிக்குத் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த வாழ்த்து அட்டைக் கடைக்கு இரண்டு பேரும் போனார்கள். கடை முழுக்கச் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுடலைமணிக்குச் சந்தோஷம். "இதுதாம்ல. லேசான வேலை."

கோயில்பிள்ளை ஒரு அட்டையைக் கையில் எடுத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதையா மயினிக்குத் தின்னக் குடுக்கப் போற?"

"ஏன், என்ன?"

"நல்லாப் பாரு. உச்சியில நடுவுல பிளந்திருக்கு. கீழ ஒடுங்கிக் கூராப் போயிட்டு. போதாததுக்கு அம்பு வேற குத்தி அந்தப் பக்கம் வந்திருக்கு. இது நல்லா இருக்க இதயமா? இந்த ஆளு செத்து ரொம்ப நாளாச்சு."

சுடலைமணி உற்றுப் பார்த்தான். உண்மைதான். அவனுக்கு வேர்த்துவிட்டது.

"நாம என்ன செய்யுதோம்? உடம்புக்கு நல்ல சாப்பாடு செய்யுதோம்," என்றான் கோயில்பிள்ளை. "அப்ப நல்லா இருக்க இதயத்தத்தான் பாத்து ஊத்தணும்."

நேராகக் கறிக்கடைக்குப் போனார்கள். காஜா பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவே வேணும்?"

"இதயம் இருக்கா பாய்?"

"ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிடுதீரா?"

"வாங்க வரல. பாக்கத்தான் வந்தோம்."

பாய் முப்பது வருஷமாகக் கறிக்கடை வைத்திருக்கிறார். பொண்ணு பார்க்கிற மாதிரி இதயம் பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை. ஆனால் தும்பைவிளையில் கடை வைத்தவர், எதுவும் கேட்காமல் எடுத்து வைத்தார். சுடலைமணி காயில் அளக்கிற டேப்பை எடுத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்தான். மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய்களை எண்ணினான்.

"இந்த ஆடு நல்லா இருந்துச்சா பாய்?"

"அறுக்கிற வரைக்கும் நல்லாத்தான்வே இருந்துச்சு."

"நோய் நொடி?"

"ஒண்ணும் கிடையாது. என்ன, ஓட்டம்தான் ஜாஸ்தி."

"அது போதும்," என்றான் கோயில்பிள்ளை. "ஓட்டம் இதயத்துக்கு நல்லது."

பதினாலாம் தேதி விடிந்தது. முதலில் பயற்றைப் பார்க்கப் போனார்கள். வேட்டியை அவிழ்த்து, துணியைப் பிரித்தால், டீச்சர் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது. ஒவ்வொரு பயற்றிலும் வெள்ளையாக ஒரு முளை, கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரி. சுடலைமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "குடுல, தாளிச்சிருவோம்," என்று கையை நீட்டினான்.

பெத்துராஜ் துணியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தரமாட்டேன்."

"என்னல?"

"ஒரு ராத்திரி முழுக்க என் வயித்துல கிடந்து வளந்ததுண்ணே. புரண்டு படுக்கலியே நான். அதைப் போயி எண்ணெய்ச் சட்டியில போடுதேன்ங்கியே. ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"எண்ணெய்ச் சட்டி இல்லல. எண்ணெய் விடக்கூடாதுன்னுதான் டீச்சர் சொல்லியிருக்கா."

"வெறுஞ்சட்டியா? அது இன்னும் மோசம்."

கோயில்பிள்ளை யோசித்தான். "அவன் சொல்லுததும் நியாயந்தான் மக்கா. பெத்தவன் அவன். நமக்கென்ன உரிமை?"

அத்தோடு பயறு போயிற்று. பெத்துராஜ் அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு மூலையில் படுத்துவிட்டான்.

அடுத்து உருண்டை. பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். எடுத்தார்கள். கொட்டை ஒரு கிண்ணம் சேர்ந்தது. பழம் ஒரு கிண்ணம் மிஞ்சியது. பழத்தை என்ன செய்வது என்று சுடலைமணி கேட்டான். பழத்தை எடுக்கும்படி டீச்சர் சொல்லவே இல்லை என்று கோயில்பிள்ளை நினைவுபடுத்தினான். அதனால் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையில் எள்ளையும் கொஞ்சம் கருப்பட்டிப் பாகையும் சேர்த்து உருட்டினார்கள். தட்டில் போட்டால் ஒவ்வொரு உருண்டையும் 'ணங்' என்றது. சத்தான சாப்பாட்டுக்குச் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று சமாதானப்பட்டார்கள்.

மிஞ்சியது தோசைதான். இனி எல்லாம் அதை நம்பித்தான்.

கேப்பை மாவைக் கரைத்தான் சுடலைமணி. கல்லைப் போட்டான். கரண்டியை எடுத்தவன் நின்றுவிட்டான்.

"எண்ணெய் விடாம ஊத்தினா ஒட்டுமே மக்கா. வழுக்க எதையாவது விடணும்லா?"

"வழுவழுன்னு வேற என்ன இருக்கு?"

வீட்டில் வழுவழுப்பாக இருந்தது இரண்டு. ஒன்று மோட்டாருக்குப் போடுகிற கிரீஸ். அது எண்ணெய்ச் சாதிதான் என்று தள்ளிவிட்டார்கள். இன்னொன்று உருண்டைக்குக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு. அது இன்னும் ஒரு செம்பு நிறைய மிஞ்சியிருந்தது. கொஞ்சமாகச் சேர் என்று டீச்சர் சொன்னது உருண்டைக்கு. தோசைக் கல்லுக்கு அளவு எதுவும் சொல்லவில்லை.

ஒரு செம்பையும் கல்லில் ஊற்றினார்கள். மேலே மாவு. இதயம் என்ன அப்பளமா, மெல்லிசாக ஊற்ற? பாய் கடையில் அளந்த கனம் வரும் வரைக்கும் மாவை ஊற்றி ஊற்றி ஏற்றினார்கள். குழாய்களுக்கு மாவை விரலால் உருட்டி நட்டார்கள். இவ்வளவு கனத்தை வேகவைக்க வேண்டுமே! அடுப்பைத் தணித்து, மூடி போட்டு, மேலே அம்மிக்குழவியை ஏற்றி, குளித்துவிட்டு வந்தார்கள்.

திறந்து பார்த்தால் கல்லும் தோசையும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. சுடலைமணி மோட்டாரில் பேரிங் கழற்றுகிற சாமானை எடுத்து வந்து மாட்டித் திருகினான். கோயில்பிள்ளை கல்லைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். 'டப்' என்று ஒரு சத்தம். இதயம் கையோடு வந்துவிட்டது. கறுப்பாக, பளபளவென்று, ஒரு முஷ்டி கனத்தில், மேலே மூன்று குழாய்களோடு. அப்படியே காஜா பாய் கடையில் பார்த்த மாதிரி. சுடலைமணிக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் அவன் யாருக்கும் இப்படி ஒன்றைச் செய்து கொடுத்ததில்லை.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சந்தனமாரி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பச்சைச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். இறங்க வேண்டும் என்று நினைத்துக் கட்டின சேலைதான் அது, பார்த்தாலே தெரியும். சுடலைமணிக்கு மட்டும் தெரியவில்லை. இதயத்தையும் உருண்டைகளையும் வைத்த தட்டை நீட்டினான்.

"என்னது இது?"

"இதயம்."

"யாரோடது?"

"ஒனக்குத்தான்."

"எனக்குன்னு தெரியுது. எதைப் பாத்துச் செஞ்சீங்க?"

"பாய் கடையில ஒரு ஆடு... நல்ல ஆடு. நோய் நொடி கிடையாது."

சந்தனமாரி ஒரு உருண்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். ணங். மறுபடி எடுத்துப் போட்டாள். ணங். முன்னால் உட்கார்ந்திருந்த சொரிமுத்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அக்கா, சந்தைக்குச் சவாரி இருக்கு. முடிவச் சொல்லு," என்றான்.

"கொஞ்சம் இருடே." அவள் சுடலைமணியைப் பார்த்தாள். "மொதல்ல நீங்க தின்னு காட்டுங்க. ஜாங்கிரி முழுங்கின மாதிரி அவக்கு அவக்குன்னு முழுங்கப்படாது. நல்லா மென்னு தின்னணும். வாயில வச்சுக்கிட்டுப் பேசவும்படாது. மென்னு முடிச்சுட்டு, உங்க வாயால 'இறங்கு சந்தனமாரி'ன்னு கூப்பிடுங்க. இந்த ஒரு வருசத்துல நீங்க என்னைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா இறங்குதேன். இல்லன்னா போறேன். சொல்லுங்க, நான் இறங்கட்டா, போகட்டா?"

இதற்குள் சுடலைமணி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுவிட்டான்.

பாகும் கேப்பையும் சேர்ந்து வெந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேல்பல் கீழ்பல்லைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை மெல்வதற்கு, மோட்டாரைக் கயிறு போட்டுக் கிணற்றிலிருந்து இழுக்கிற பலம் வேண்டியிருந்தது. அவன் மென்றான். கண் பிதுங்க மென்றான். 'இறங்கு' என்ற சொல் தொண்டையில் வந்து தயாராக நின்றது. ஆனால் வாயில் வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள்.

வெயில் ஏறியது.

"கேட்டதுக்குப் பதில் வருதா பாரு," என்றாள் சந்தனமாரி. அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "சரி சொரிமுத்து. வண்டிய எடு."

சுடலைமணி இரண்டு கையையும் விரித்து ஆட்டோவுக்கு முன்னால் நின்றான். தாடை மட்டும் ஏறி இறங்கியது.

"அத்தான், வழிய விடுங்க," என்று சொரிமுத்து வாயைத் திறந்தான். வீட்டுக்கு வந்த மச்சினனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று கோயில்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு குழாயை ஒடித்துத் திறந்த வாயில் வைத்தான். சொரிமுத்து வாய் மூடியது. அப்புறம் திறக்கவில்லை. வண்டியை எடுக்கவும் மறந்து, இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தான்.

"அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கேன்." சந்தனமாரிக்கு ஆத்திரம். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆட்டோவுக்குள் ஒருத்தி, ஆட்டோவுக்கு முன்னால் ஒருத்தன், ஹேண்டில் பாரில் ஒருத்தன். மூன்று பேரும் ஒரே தாளத்தில் அசைபோட்டுக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஆட்டோவின் தகரக் கூரை காய்ந்து, உள்ளே இருக்க முடியவில்லை. துப்பலாம் என்றால் அது பல்லை விட்டு வந்தால்தானே! பச்சைத் தண்ணீரில் கரையாது, வெந்நீர் குடித்தால்தான் இளகும் என்று சந்தனமாரிக்குப் பட்டது. அவள்தான் புத்திசாலியாயிற்றே. விறுவிறுவென்று இறங்கி, அடுப்படிக்குப் போய்விட்டாள். சொரிமுத்து பையை வாசலில் வைத்துவிட்டு, சந்தைச் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று, மென்றுகொண்டே கிளம்பினான். அன்று ஏறினவர்களிடம் எங்கே போக வேண்டும் என்று அவனால் கேட்க முடியவில்லை. அவனுக்குத் தோன்றின இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

வெந்நீர் குடித்ததும் சந்தனமாரிக்கு வாய் திறந்தது. திறந்ததும் அடுப்படியைப் பார்த்தாள். சட்டியில் பாகு, சுவரில் மாவு, கல்லில் மோட்டார் கழற்றுகிற இரும்பு.

"இந்தக் கல்ல இப்படி ஆக்கினது யாரு?"

சுடலைமணி மென்றான்.

"பெத்துராசு ஏன் வயித்துல வேட்டியக் கட்டிட்டு, ஒரு துணி மூட்டையைத் தாலாட்டிட்டுக் கிடக்கான்?"

மென்றான்.

"எனக்குன்னுதான் இவ்வளவும் செஞ்சீங்களா?"

அவன் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் மென்றான்.

அவள் பெத்துராஜுக்கு மாத்திரை கொடுத்தாள், கஞ்சி வைத்தாள். அடுப்படியைக் கழுவினாள். மத்தியானம் ஆயிற்று. ஒரு வழியாகச் சுடலைமணியின் தொண்டையில் ஒரு 'களுக்' கேட்டது. முழுங்கிவிட்டான். எழுந்து நின்றான். கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று யாரும் அவனைச் சொல்லிவிடக்கூடாது. கேட்ட வரிசையிலேயே சொன்னான்.

"இறங்கு சந்தனமாரி. கோயில்பிள்ளையும் நானும். பயறு. ஆமா."

துடைத்துக்கொண்டிருந்த துணி சந்தனமாரியின் கையிலிருந்து நழுவியது. முதல் பதிலையும் கடைசிப் பதிலையும் அவள் மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நல்ல முடிவுதான். ஆனால் கோயில்பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தான்.

"மக்கா, ஒரு சிக்கல் இருக்கு."

"என்னல?"

"நீ இறங்குன்னு சொன்னது இப்ப. மயினி இறங்கினது காலைல. அப்படின்னா என்ன அர்த்தம்? கூப்பிடாமலே வீட்டுக்குள்ள வந்துட்டாவன்னு ஆயிரும்லா. நாளைக்கு ஊர்ல ஒரு பேச்சு வந்தா மயினிக்குத்தான் அசிங்கம்."

சுடலைமணி முகம் வெளுத்துவிட்டது. மூலையிலிருந்து பெத்துராஜும், "ஆமாண்ணே, மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா," என்றான்.

சந்தனமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தாள். திட்டத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ கண்ணாடியைப் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"அதுவும் சரிதான். நானா வந்தேன்னு ஒருத்தர் சொல்லிரப்படாது. சொரிமுத்துக்குப் போனைப் போடுங்க."

ஒரு வருஷம் தும்பைவிளைத் தண்ணீர் குடித்தால் எப்பேர்ப்பட்ட புத்திசாலியும் அப்படித்தான்.

சொரிமுத்துக்குப் போன் போட்டால் எடுத்தான், பேசவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனாலும் வந்துவிட்டான். சந்தனமாரி பையோடு ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோவைத் தெருமுனை வரை கொண்டுபோய், திருப்பி, காலையில் நின்ற அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தத் தடவை ஊரே கூடியிருந்தது. பெத்துராஜ்கூடப் பயற்று மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு, ஒரு காலை வெளியே எடுத்து வைத்துத் தயாராகக் காத்திருந்தாள். அந்த ஒரு சொல் வந்தால் போதும்.

சுடலைமணி வேட்டியைச் சரிசெய்துகொண்டான். தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறந்தான்.

"தெம்பாச் சொல்லு மக்கா," என்று சொல்லி, தட்டில் மிச்சமிருந்த அரை இதயத்தை அப்படியே எடுத்து, கோயில்பிள்ளை அவன் வாய்க்குள் வைத்தான்.